கோடையில் திருப்பிய ஊசி, குளிரில் போன எஞ்சின்: ஒரு நைட்ரோ டிரக்கின் முதல் ஆண்டு

டெக்சாஸ் மாநிலத்தில் டல்லாஸ் நகரை ஒட்டிய புறநகர் ஒன்றில் வசிக்கும் என் அக்காள் மகன், பதினாறாவது வயதில், தன் சேமிப்பிலிருந்து 140 டாலர் கொடுத்து, ரேடியோவால் இயக்கும் பழைய நைட்ரோ டிரக் ஒன்றை, அதாவது நைட்ரோமீத்தேன் கலந்த எரிபொருளில் ஓடும் சிறு வண்டியை, வாங்கினான். அடுத்த ஆறு மாதங்களில் அந்த வண்டி இரண்டு எஞ்சின்களை இழந்தது. முதல் எஞ்சின் எங்கள் கைக்கு வரும்போதே தேய்ந்து போயிருந்தது. இரண்டாவது எஞ்சினைப் புதிதாக வாங்கி, முறைப்படி ஓட்டிப் பழக்கி, ஒரு கோடை முழுவதும் நன்றாக வைத்திருந்த பிறகு, டிசம்பர் மாதத்து ஒரு காலைப்பொழுதில் நாங்களே கெடுத்தோம். இந்த ஆய்வு பெரும்பாலும் அந்த இரண்டாவது எஞ்சினைப் பற்றியது. அது ஏன் போனது என்பதைப் பிரித்துப் பார்த்து, அளந்து, குறிப்பேட்டோடு ஒப்பிட்டுத் தெரிந்துகொண்டோம். இந்தப் பொழுதுபோக்கில் புதிதாக இறங்குபவர் எவருக்கும் அதே சறுக்கல் நேரக்கூடும் என்பதால் முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

வெப்பநிலைகள், எரிபொருளின் அளவைக் கூட்டிக் குறைக்கும் கார்புரேட்டர் ஊசியின் திருப்பங்கள், தேதிகள் ஆகியவை அவன் ஜூலை மாதத்திலிருந்து எழுதிவந்த குறிப்பேட்டிலிருந்து எடுத்தவை. வாகன எஞ்சின் துறையில் நெடுநாள் வேலை பார்த்தவன் என்ற முறையில் நான் அவனுக்குத் துணையாக இருந்தேன். அவன் முடிவுகளில் பலவற்றுக்கு நானும் பொறுப்பு.

வண்டி

வாங்கியது டிராக்சாஸ் நிறுவனத்தின் டி-மேக்ஸ் 3.3 என்னும் மான்ஸ்டர் டிரக். அந்த நிறுவனமும் டெக்சாஸில், டல்லாஸுக்கு வடக்கே இருப்பதுதான். டி-மேக்ஸ் முதன்முதலில் வந்தது 1999-இல். நான்கு சக்கரங்களுக்கும் விசை, தானாக மாறும் இரண்டு கியர்கள், பின்னோக்கி ஓடும் வசதி, மின்சாரத்தால் கிளப்பும் ஏற்பாடு, சக்கரத்துக்கு இரண்டாக எட்டு எண்ணெய் ஷாக் அப்சார்பர்கள் ஆகிய அனைத்தும் பூட்டி முடித்த ஒரே வண்டியாக ஒரு பெட்டிக்குள் கிடைத்ததுதான் அதன் சிறப்பு. அதுவரை நைட்ரோ என்றாலே பந்தயக்காரர்களின் தட்டையான வண்டிகளும், பல இரவுகள் உட்கார்ந்து பூட்ட வேண்டிய உதிரிப் பெட்டிகளும்தான் பலருக்கு நினைவுக்கு வந்தன. புல்வெளி, கல், மணல், பள்ளம் என்று எதிலும் ஓடக்கூடிய பெரிய சக்கர வண்டி, புதியவர்களைக் கூட்டங்கூட்டமாக உள்ளே இழுத்தது. 2002-இல் எச்பிஐ நிறுவனம் இன்னும் பெரிய எஞ்சினோடு சாவேஜ் என்ற டிரக்கைக் கொண்டுவந்தது. 2004-இல் டிராக்சாஸே ரெவோவை வெளியிட்டது. பத்தாண்டுக் காலம் இந்தப் போட்டி சூடாக நடந்தது.

பிறகு லித்தியம் பாலிமர் பேட்டரியும் பிரஷ்லெஸ் மோட்டாரும் மலிந்தன. ஒரு பொத்தானை அழுத்தியவுடன் ஓடும் மின்வண்டிகள் நைட்ரோவின் வேகத்தை எட்டி, பின்பு தாண்டியும் சென்றன. அமெரிக்க வீடுகளின் கார் ஷெட்டுகளில் தூசி படிந்து கிடக்கும் நைட்ரோ டிரக்குகள் மலிவாகக் கிடைப்பதற்கு இதுவே காரணம். 140 டாலருக்கு ஒரு டி-மேக்ஸ் கிடைத்ததில் என் மருமகனுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி நியாயமானது. பழைய வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது எது என்பதை அவன் யாரிடமும் கேட்கவில்லை என்பது மட்டுமே குறை.

தீப்பொறி இல்லாத எஞ்சின்

பின்னால் நடந்தவை புரிய வேண்டுமானால் இந்த எஞ்சின் எரியும் விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். டி-மேக்ஸ் 3.3-இன் எஞ்சின் 3.3 சிசி கொள்ளளவு கொண்ட இரட்டை வீச்சு எஞ்சின், அதாவது டூ-ஸ்ட்ரோக். இத்தகைய எஞ்சின்கள் நிமிடத்துக்கு 30,000 சுற்றுகளையும் கடந்து சுழலக்கூடியவை. இதில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அதன் இடத்தில் குளோ பிளக் என்ற சிறு பொருள் இருக்கிறது. அதனுள்ளே பிளாட்டினம் கலந்த மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று உண்டு. கிளப்பும்போது ஏறத்தாழ ஒன்றரை வோல்ட் மின்சாரம் கொடுத்து அந்தச் சுருளைச் செந்தணலாக்குகிறோம். எஞ்சின் ஓடத் தொடங்கியபின் மின்சாரம் தேவையில்லை. எரியும் கலவையின் சூட்டினாலும், மெத்தனால் ஆவி பிளாட்டினத்தின் மேற்பரப்பில் படும்போது நிகழும் வேதிவினையாலும் சுருள் தானே கனன்றுகொண்டிருக்கும்.

எந்த நொடியில் தீப்பிடிக்க வேண்டும் என்று கட்டளையிடும் கருவி எதுவும் இந்த எஞ்சினில் இல்லை என்பதுதான் இதில் முக்கியம். அழுத்தம், சுருளின் சூடு, காற்று-எரிபொருள் கலவையின் விகிதம் ஆகிய மூன்றும் சேர்ந்து அந்த நொடியைத் தீர்மானிக்கின்றன. கலவையில் எரிபொருள் குறைந்தால், அதாவது லீன் ஆனால், சுருள் மேலும் சூடேறுகிறது. சுருள் சூடேறினால் பிஸ்டன் உச்சிக்கு வருமுன்னரே கலவை பற்றிக்கொள்கிறது. முன்கூட்டிப் பற்றினால் எஞ்சின் இன்னும் சூடேறுகிறது. ஒன்றையொன்று தள்ளிவிடும் இந்தச் சங்கிலிதான் பெரும்பாலான நைட்ரோ எஞ்சின்களை அழிக்கிறது.

எரிபொருள் மூன்று பொருள்களின் கலவை. மெத்தனால் பெரும்பங்கு. நைட்ரோமீத்தேன் டிரக்குகளுக்குப் பொதுவாக 20 விழுக்காடு. மீதி விளக்கெண்ணெயும் செயற்கை எண்ணெயும். ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். மெத்தனாலுக்கு 6.4 பங்கு போதும். தன்னுள்ளேயே ஆக்சிஜனைச் சுமந்து வரும் நைட்ரோமீத்தேனுக்கு வெறும் 1.7 பங்கு. ஆகவே அதே அளவு காற்றுக்குள் பல மடங்கு எரிபொருளைச் செலுத்தி எரிக்க முடிகிறது. இத்தனை சிறிய எஞ்சின் சுமார் ஐந்து கிலோ எடையுள்ள வண்டியை மணிக்கு 70 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்துக்குக் கொண்டுபோவது அதனால்தான்.

எண்ணெயைப் பற்றி ஒரு சொல். டிவிஎஸ் 50 ஓட்டிய தலைமுறைக்குப் பெட்ரோலோடு 2டி ஆயில் ஊற்றிய நினைவு இருக்கும். அங்கே எண்ணெய் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான். இங்கே எட்டிலிருந்து இருபது பங்கு வரை. இந்த எஞ்சினுக்குத் தனியே ஆயில் சம்ப் கிடையாது, பம்பும் கிடையாது. பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் கனெக்டிங் ராடுக்கும் கிடைக்கிற எண்ணெய் முழுவதும் எரிபொருளோடு உள்ளே வருவதுதான். மேலும், மெத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு வெப்பத்தை உறிஞ்சுகிறது. எஞ்சினை உள்ளிருந்து குளிர்விப்பதும் அதுவே. எனவே ஊசியைத் திருகி எரிபொருளைக் குறைப்பவர் அதே திருப்பத்தில் எண்ணெயையும் குறைக்கிறார், குளிர்ச்சியையும் குறைக்கிறார். இந்த ஒரு வாக்கியத்தை என் மருமகன் வண்டி வாங்கிய நாளிலேயே நான் அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். டிசம்பருக்குப் பிறகுதான் சொன்னேன்.

பாதுகாப்பைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. அது விழுங்கினால் மட்டுமன்றித் தோல் வழியாகவும் உடலில் சேரும் நஞ்சு. ரப்பர் கையுறை, திறந்த வெளி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டிய அலமாரி ஆகிய மூன்றையும் வீட்டில் கட்டாயமாக்கினோம். ஐரோப்பிய ஒன்றியத்தில் வாழும் தமிழ் வாசகர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெடிபொருள் மூலப்பொருள்கள் குறித்த 2019-ஆம் ஆண்டு விதிமுறையின்படி, எடையில் 16 விழுக்காட்டுக்கு மேல் நைட்ரோமீத்தேன் கொண்ட கலவை பொதுமக்களுக்கு உரிமமின்றிக் கிடைக்காது. அமெரிக்கக் கையேடுகளில் உள்ள எரிபொருள் அளவுகளை அங்கே அப்படியே பின்பற்ற இயலாது.

முதல் எஞ்சின்

ஜூன் மாதத்தில் வண்டி வீட்டுக்கு வந்தது. குளிர்ந்த நிலையில் கிளம்பியது, ஐந்து நிமிடம் அழகாக ஓடியது, சூடேறியதும் நின்றது. பிறகு அரை மணி நேரம் எத்தனை முறை முயன்றாலும் கிளம்பவில்லை. ஆறியதும் மறுபடி கிளம்பியது. "மாமா, இது டியூனிங் பிரச்சினைதானே? விற்றவரும் அப்படித்தான் சொன்னார்" என்று தொலைபேசியில் கேட்டான். மூன்று வாரம் அவன் ஊசிகளைத் திருகிக்கொண்டே இருந்தான்.

அது டியூனிங் பிரச்சினை அன்று. இந்த வகை எஞ்சின்களில் பிஸ்டன் ரிங் கிடையாது. அலுமினியப் பிஸ்டன், குரோமியம் பூசிய பித்தளை லைனருக்குள், அதாவது சிலிண்டரின் உள்ளுறைக்குள், ஓடுகிறது. லைனரின் துளை மேலே போகப்போகச் சற்றே குறுகும். புதிய எஞ்சினில் பிஸ்டன் உச்சியைத் தொடும்போது இறுகிப் பிடிக்கும். அந்தப் பிடிப்பைப் பிஞ்ச் என்பார்கள். எஞ்சின் சூடேறும்போது பித்தளை அலுமினியத்துடன் சேர்ந்து விரிய, இறுக்கம் தளர்ந்து சரியான இடைவெளி வருகிறது. தேய்ந்த எஞ்சினில் குளிர்ந்த நிலையில் மட்டுமே போதிய அழுத்தம் இருக்கும். சூடானதும் இடைவெளி அதிகமாகி அழுத்தம் கசிந்துவிடும். குளிரில் கிளம்பி, சூட்டில் நின்று, ஆறினால் மறுபடி கிளம்பும் எஞ்சினை எந்த ஊசியும் காப்பாற்றாது.

இதைத் தெரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, குளோ பிளக் பூட்டியபடியே, எஞ்சின் தண்டோடு சுழலும் ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகத் திருப்ப வேண்டும். உச்சியில் பிஸ்டன் முரண்டு பிடித்தால் உயிர் இருக்கிறது. வழுக்கிக்கொண்டு போனால், வண்டியின் விலையோடு புது எஞ்சினின் விலையையும் சேர்த்தே பேரம் பேச வேண்டும். எங்கள் எஞ்சின் வெண்ணெய் போல வழுக்கியது.

இரண்டாவது எஞ்சினின் கோடை

ஜூலை தொடக்கத்தில் புதிய எஞ்சின் வந்தது. அதை ஓட்டிப் பழக்குவதற்கு, அதாவது பிரேக்-இன் செய்வதற்கு, ஒரு சனிக்கிழமை காலை முழுவதையும் ஒதுக்கினோம். கையேடு ஐந்து டாங்க் எரிபொருளை எரிக்கச் சொல்கிறது. முதல் டாங்கில் ஆக்சிலரேட்டரைச் சிறிதளவே அழுத்தி விட்டுவிட்டு ஓட்ட வேண்டும். ஒவ்வொரு டாங்குக்கும் சற்றுச் சற்றாகக் கூட்ட வேண்டும். கலவை ரிச்சாக, எரிபொருள் மிகுந்ததாக, புகை நன்றாகத் தெரியும்படி இருக்க வேண்டும். ஒவ்வொரு டாங்குக்குப் பிறகும் எஞ்சினை நிறுத்தி, பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்து முழுவதும் ஆறவிட்டோம். உச்சியில் நிறுத்தி ஆறவிட்டால் சுருங்கும் லைனர் பிஸ்டனைக் கவ்விக்கொள்ளும்.

இந்தப் பழக்குதல் குறித்துப் பொழுதுபோக்குக்காரர்களிடையே இரண்டு கருத்துகள் உண்டு. எஞ்சினை மிக மிக ரிச்சாக, குளிராகவே வைத்து மெல்ல ஓட்ட வேண்டும் என்பது பழைய கருத்து. நான் அதை ஏற்பதில்லை. லைனர் விரியாத குளிர் நிலையில் பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் இறுகிய உச்சிக்குள் இடித்துப் புகுகிறது; அந்த அடியைத் தாங்குவது கனெக்டிங் ராடுதான். எரிபொருள் தாராளமாக இருக்க வேண்டும், ஆனால் எஞ்சின் வேலை செய்யும் சூட்டை நெருங்க வேண்டும். நாங்கள் சிலிண்டர் ஹெட்டில் 95 முதல் 100 செல்சியஸ் வரை வைத்துப் பழக்கினோம்.

அவனுக்குப் பொறுமை போதவில்லை. நான்காவது டாங்கில் "எத்தனை நேரம் மாமா இப்படி நகர்த்திக்கொண்டே இருப்பது?" என்றான். ஆயினும் முடித்தான். அன்றைய பக்கத்தில் ஐந்து டாங்குகளும் நேரத்தோடு எழுதப்பட்டிருக்கின்றன.

அதன்பிறகு கார்புரேட்டரின் இரண்டு ஊசிகளையும் திருத்தினோம். ஒன்று முழு வேகத்துக்கான எரிபொருளை அளப்பது. மற்றொன்று குறைந்த வேகத்துக்கும் ஐடிலிங்குக்கும் உரியது. வலப்பக்கம் திருகினால் லீன், இடப்பக்கம் திருகினால் ரிச். எஞ்சின் நன்கு சூடானபிறகே திருத்த வேண்டும். ஒரு முறைக்கு எட்டில் ஒரு பங்கு சுற்றுக்கு மேல் திருப்பக் கூடாது. ஒவ்வொரு திருப்பத்துக்குப் பிறகும் முழு வேகத்தில் இரண்டு மூன்று ஓட்டம் ஓட்டிப் பார்க்க வேண்டும். முழு வேகத்தில் சைலன்சரிலிருந்து மெல்லிய நீலப்புகைக் கோடு தொடர்ந்து வருவது முதல் சான்று. ஐடிலிங்கில் எரிபொருள் குழாயைக் கிள்ளிப் பிடித்தால் இரண்டு மூன்று நொடியில் வேகம் சற்றே ஏறி எஞ்சின் நிற்பது இரண்டாவது சான்று. ஹெட்டின் சூடு 105 முதல் 125 செல்சியஸுக்குள் இருப்பது மூன்றாவது. இந்த வரிசையை வேண்டுமென்றே எழுதியிருக்கிறேன். அகச்சிவப்பு வெப்பமானி காட்டும் எண் மூன்றாவது இடத்தில்தான் இருக்க வேண்டும். நாங்கள் அதை முதலிடத்துக்குக் கொண்டுவந்தோம்.

வெளியே வெயில் 36 செல்சியஸ். ஹெட் 118 முதல் 122. புகை சீராக இருந்தது. ஜூலையிலிருந்து அக்டோபர் வரை ஏறத்தாழ ஒன்றரை கேலன், அதாவது ஐந்தரை லிட்டருக்கு மேல் எரிபொருள் செலவாகியது. காலியாக நின்ற ஒரு மைதானத்தின் மண்பரப்பில், வீடுகளிலிருந்து தள்ளி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டினான். இந்த எஞ்சினின் சத்தம் சுவர் தாண்டிப் போவது. இடத்தைத் தேர்ந்தெடுப்பதே பாதி நாகரிகம். ஒருமுறை ரிசீவருக்கான நான்கு சிறு பேட்டரிகள் இறங்கிப்போய் வண்டி கட்டுப்பாடிழந்து வேலியில் மோதியது. நைட்ரோ எஞ்சின் சிக்னல் போனால் தானாக நிற்பதில்லை. ஆக்சிலரேட்டர் திறந்திருந்தால் அப்படியே ஓடும். மறுநாளே ஃபெயில்சேஃப், அதாவது சிக்னல் போனால் ஆக்சிலரேட்டரைத் தானே மூடும் ஏற்பாடு, சரியாக அமைக்கப்பட்டது. அதற்குப்பின் ஒவ்வொரு முறையும் ஓட்டுமுன் சக்கரங்கள் தரையில் படாதபடி வண்டியை உயர்த்தி வைத்து, ரிமோட்டை அணைத்துச் சோதிப்பது வழக்கமானது. இது தவிர அந்தக் கோடையில் குறையொன்றும் இல்லை.

டிசம்பர் காலை

வட டெக்சாஸில் குளிர் ஒரே இரவில் வந்து இறங்கும். முந்தைய மதியம் 22 செல்சியஸாக இருந்தது, அந்தக் காலையில் 2 செல்சியஸ். இரண்டு வாரம் ஓட்டாமல் வைத்திருந்த வண்டியை எடுத்துக்கொண்டு அவன் தனியே மைதானத்துக்குப் போனான். ஊசிகள் அக்டோபரில் இருந்த இடத்திலேயே இருந்தன. அங்கே நடந்ததை அவன் குறிப்பேட்டிலிருந்தும் அவன் சொன்னதிலிருந்தும் வரிசைப்படுத்துகிறேன்.

எஞ்சின் கிளம்பச் சிரமப்பட்டது. குளிரில் லைனர் சுருங்கிப் பிஸ்டனைக் கவ்வியிருந்ததால் ஸ்டார்ட்டர் மோட்டார் திணறியது. கிளம்பியபின் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வேகம் எடுக்காமல் தள்ளாடியது. அது எஞ்சின் இன்னும் சூடேறாததன் அடையாளம். அவன் அதை ரிச் என்று எடுத்துக்கொண்டு இரண்டு ஊசிகளையும் எட்டில் ஒரு பங்கு மூடினான். ஐந்து நிமிடம் கழித்து வெப்பமானியைப் பிடித்தான். 88 செல்சியஸ் என்று காட்டியது. கோடையில் 120 காட்டிய ஹெட் இப்போது 88 காட்டுகிறதென்றால் எரிபொருள் மிகுதியாகப் போய்க் குளிர்விக்கிறது என்று கருதி முழு வேக ஊசியை மேலும் எட்டில் ஒரு பங்கு மூடினான். 94 ஆனது. மறுபடி எட்டில் ஒரு பங்கு. 101. எண் தனக்குப் பழகிய எல்லையை நெருங்குகிறது என்று நிம்மதியடைந்தான். அந்த நேரத்தில் வண்டி முன்னெப்போதும் இல்லாத வேகத்தில் பறந்தது என்று எழுதியிருக்கிறான். அதற்கு அடுத்த வரி: "புகை தெரியவில்லை, வெளிச்சம் அதிகம் என்று நினைக்கிறேன்."

பிறகு ஆக்சிலரேட்டரை விட்டபின்னும் எஞ்சின் உடனே இறங்காமல் சில நொடி உயர் வேகத்திலேயே தொங்கி நின்றது. மூன்றாவது முழு வேக ஓட்டத்தில் ஓசை கூர்மையாக ஏறி, ஒரு கீச்சொலியோடு அறுந்தது. ஃப்ளைவீல் கையால் திரும்பவில்லை.

பிரித்துப் பார்த்தபோது

அன்று மாலையே மேசைமேல் வெள்ளைத்துணி விரித்து எஞ்சினைப் பிரித்தோம். குளோ பிளக்கின் சுருள் பளபளப்பு முற்றிலும் போய்ச் சாம்பல் நிறமாகவும், ஒரு பக்கம் இழுபட்டுக் கோணியும் இருந்தது. பிஸ்டனின் தலை உலர்ந்து வெளுத்திருந்தது. எண்ணெய்ப்பசையோடு தேன்நிறமாக இருக்க வேண்டிய இடம் அது. ஹெட்டின் உட்பகுதியில் ஊசியால் குத்தியதுபோலச் சிறு குழிகள் இருந்தன. முன்கூட்டிப் பற்றி வெடித்த கலவையின் சுவடுகள் அவை. பிஸ்டனின் பக்கத்தில், புகைபோக்கித் துளையை நோக்கிய பகுதியில், நெடுக்கக் கீறல்கள். அதே கோட்டில் லைனரின் குரோமியமும் உரிந்திருந்தது. கனெக்டிங் ராடின் கீழ்க்கண்ணில் உள்ள வெண்கலப் புஷ் முட்டை வடிவமாக நீண்டிருந்தது. பேரிங்குகள் மட்டும் தப்பியிருந்தன.

காற்று வடிகட்டி சுத்தம். உள்ளே மண் போனதற்கான தடம் எதுவும் இல்லை. முதல் சந்தேகம் அங்கேதான் இருந்ததால் அதைத் தனியே பதிவு செய்கிறேன். இந்த எஞ்சின்களின் இரண்டாவது பெரிய எதிரி வடிகட்டியைத் தாண்டும் நுண்மண்.

எரிபொருள் ஏற்பாட்டைச் சோதித்தபோது நாங்கள் எதிர்பாராத ஒன்று வெளிப்பட்டது. சைலன்சரிலிருந்து டாங்குக்கு ஒரு மெல்லிய சிலிக்கோன் குழாய் போகிறது. புகையின் அழுத்தத்தை டாங்குக்குள் செலுத்தி எரிபொருளை கார்புரேட்டருக்குத் தள்ளுவது அந்தக் குழாயின் வேலை. அதை ஒரு பக்கம் அடைத்து, தண்ணீருக்குள் வைத்து மறுபக்கம் ஊதியபோது, நடுவில் ஓரிடத்திலிருந்து குமிழிகள் வரிசையாக வந்தன. சேஸியின் விளிம்பில் உரசி உரசி அங்கே ஓட்டை விழுந்திருந்தது. பழைய வண்டியோடு வந்த குழாய் அது. எஞ்சினை மாற்றியபோது நான் அதை மாற்றச் சொல்லவில்லை.

காரணங்களின் எடை

மூன்று காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருந்தன. அவற்றின் எடை சமமானதன்று.

முதலாவது வானிலை. 36 செல்சியஸிலிருந்து 2 செல்சியஸுக்கு இறங்கும்போது, அதே அழுத்தத்தில், காற்றின் அடர்த்தி சுமார் 12 விழுக்காடு கூடுகிறது. எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் அதே கனஅளவுக் காற்றையே இழுத்தாலும், அதில் ஆக்சிஜன் எட்டில் ஒரு பங்கு அளவுக்குக் கூடுதலாக இருக்கிறது. ஊசித்துளை வழியே வரும் எரிபொருள் அதே விகிதத்தில் கூடுவதில்லை. ஆகவே அவன் ஊசியைத் தொடாமலே ஓட்டியிருந்தாலும் எஞ்சின் லீனாகத்தான் ஓடியிருக்கும். குளிர்காலத்தில் ஊசியை முதலில் திறக்க வேண்டும். அவன் மூடினான்.

இரண்டாவது ஓட்டைக்குழாய். டாங்கின் அழுத்தம் குறைந்ததால் முழு வேகத்தில் எரிபொருள் வரத்து மேலும் குறைந்தது. இது எத்தனை நாளாக இருந்தது என்று சொல்ல முடியாவிட்டாலும், அக்டோபர் கடைசியில் "டாங்க் பாதிக்குக் கீழே போனால் ஓசை மாறுகிறது" என்ற ஒரு வரி குறிப்பேட்டில் இருக்கிறது. அது இந்தக் குழாயின் முதல் முறையீடு என்றே நினைக்கிறேன். படித்த நாங்கள் இருவரும் அதைக் கடந்துபோனோம்.

மூன்றாவதுதான் எஞ்சினைக் கொன்றது. 2 செல்சியஸ் காற்று முழு வேகத்தில் ஹெட்டைக் குளிர்விக்கும் இறகுகள்மேல் வீசும்போது ஹெட் வெளிப்புறம் குளிர்ந்துவிடுகிறது. வெப்பமானி அளப்பது வெளியே இருக்கும் அலுமினியத்தின் சூட்டை. பிஸ்டனின் நெற்றியில் உள்ள சூட்டை அன்று. உள்ளே எரிந்துகொண்டிருந்த எஞ்சினை வெளியே தொட்டுப் பார்த்து, குளிர்ந்திருக்கிறது என்று முடிவு செய்தோம். செய்தோம் என்று பன்மையில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. "120-க்குப் பக்கத்தில் வைத்துக்கொள், போதும்" என்று ஜூலையில் அவனுக்கு ஒற்றை எண்ணைக் கொடுத்தவன் நான். அந்த எண் எந்த வெயிலில் அளந்தது என்பதைச் சேர்த்துச் சொல்லவில்லை. அவன் சோம்பேறித்தனத்தால் தவறவில்லை. சொன்னதை அப்படியே கடைப்பிடித்ததால் தவறினான். புதியவருக்கு வழிகாட்டும் மூத்தவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டுமென்று விரும்புகிறேன். புகைக்கோடு, கிள்ளும் சோதனை, ஓசை ஆகியவற்றைப் பழக்குவது கடினம். எண்ணைச் சொல்லிவிடுவது எளிது. எளிதானதைச் சொல்லிக்கொடுத்தேன்.

மூன்று திருப்பங்களில் முழு வேக ஊசி மொத்தம் எட்டில் மூன்று பங்கு மூடப்பட்டிருந்தது. அந்த நேரத்தில் வந்த அபார வேகமும் இதே நோயின் அறிகுறிதான். லீன் ஆகும் எஞ்சின் இறக்குமுன் மிக நன்றாக ஓடும். முன்னெப்போதையும்விட அழகாக ஓடும் தருணத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டுப் புகையைப் பார்க்க வேண்டும் என்பது அவன் குறிப்பேட்டில் இப்போது முதல் பக்கத்தில் இருக்கிறது.

மூன்றாவது எஞ்சின்

ஜனவரியில் அவன் ஒரு நேரடியான கேள்வி கேட்டான். "இதற்கு மேல் செலவு செய்வதைவிட எலக்ட்ரிக் வாங்கிவிடலாமா, மாமா?" அதுவரை வண்டிக்கு 140, புது எஞ்சினுக்கு ஏறத்தாழ 190, எரிபொருள் கேலனுக்கு 30-ஐ ஒட்டி, குளோ பிளக்குகள், ஏர் ஃபில்டர் எண்ணெய், வெப்பமானி என்று 450 டாலரை நெருங்கியிருந்தது. அந்தப் பணத்துக்கு நல்ல பிரஷ்லெஸ் டிரக் ஒன்று கிடைக்கும். அது நைட்ரோவைவிட வேகமானது, அமைதியானது, சுத்தமானது. ஓட்டுவதில் மட்டுமே ஆசை என்றால் எலக்ட்ரிக்தான் சரியான தேர்வு என்று மறைக்காமல் சொன்னேன். நைட்ரோ டிரக் வாங்குபவர் ஓர் எஞ்சினை வளர்க்கும் பொறுப்பை வாங்குகிறார். ஒரு மணி நேரம் ஓட்டினால் ஒரு மணி நேரம் துடைக்கவும் பார்க்கவும் வேண்டியிருக்கும். அந்த இரண்டாவது மணி நேரம் யாருக்குச் சுமையாகத் தெரிகிறதோ அவர் இதற்குள் வர வேண்டியதில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு, பிரித்த எஞ்சினை மீண்டும் தானே பூட்டிப் பார்க்க வேண்டும் என்று சொன்னான்.

முழு எஞ்சின் வாங்கவில்லை. பேரிங்குகளும் கிராங்க் ஷாஃப்டும் நன்றாக இருந்ததால், பிஸ்டன், லைனர், கனெக்டிங் ராட் ஆகியவற்றை மட்டும் புதிதாகப் போட்டான். ஆகவே மூன்றாவது என்று நான் சொல்வது பாதி பழையது. எரிபொருள் குழாய்கள் எல்லாம் மாற்றப்பட்டன, சேஸி விளிம்பில் உரசும் இடத்துக்கு ஓர் உறை போடப்பட்டது. டாங்க் மூடியின் ரப்பர் வளையமும் மாற்றப்பட்டது.

பழக்கும் முறை பழையதே. கூடுதலாக, குளிர்நாளில் கிளப்புமுன் ஹெட்டை ஹேர் டிரையரால் இரண்டு மூன்று நிமிடம் சூடாக்குகிறான். அதனால் லைனர் விரிந்து பிடி தளர்கிறது. ராடுக்கும் ஸ்டார்ட்டருக்கும் சிரமமில்லை. 10 செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் ஹெட்டின் முன்பாதி இறகுகளை அலுமினியத் தாளால் சுற்றி மறைக்கிறான். முழு வேக ஊசியை எட்டில் ஒரு பங்கு திறந்துவிட்டே மைதானத்தில் இறங்குகிறான். குறிப்பேட்டில் ஒவ்வொரு நாளும் முதல் வரி வெளிக்காற்றின் வெப்பநிலை, இரண்டாவது வரி புகை, மூன்றாவது வரி கிள்ளும் சோதனையின் நொடிகள். ஹெட்டின் சூடு கடைசி வரிக்குப் போய்விட்டது. ஓட்டி முடித்ததும் டாங்கைக் காலி செய்து, உள்ளே எஞ்சியதை ஐடிலிங்கில் எரித்துவிட்டு, ஓட்டியபின் துருவைத் தடுக்க விடும் ஆஃப்டர்-ரன் எண்ணெய் சில சொட்டு விட்டுத் திருப்பி, பிஸ்டனைக் கீழே நிறுத்தி வைக்கிறான். மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பது. உள்ளே விட்டுவைத்தால் ஒரு வாரத்தில் பேரிங்கில் துரு ஏறும்.

அடுத்த டிசம்பர் வரை அந்த எஞ்சின் மூன்று கேலனுக்கு மேல் எரித்திருந்தது. நான் ஊருக்குப் போயிருந்தபோது வெளியே 4 செல்சியஸ். வண்டியை எடுக்குமுன் ஃப்ளைவீலை என்னிடம் நீட்டினான். விரலால் திருப்பினேன். உச்சியில் பிடித்தது.